செய்தி மேசையில் 'மிலிட்டன்ட்'

ஆங்கிலம் 'மிலிட்டன்ட்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வகை ஆட்களைக் குறிக்கிறது. ஒருவர் துப்பாக்கி ஏந்தியவர். இன்னொருவர் துப்பாக்கியைத் தொட்டே இராதவர், ஆனால் கோரிக்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்பவர். இந்த இருவரின் குணத்துக்கும் செயலுக்கும் 'மிலிட்டன்ஸி' என்று பெயர். வேர் லத்தீனில் இருக்கிறது. 'மிலெஸ்' என்றால் படைவீரர். மிலிட்டரி, மிலிஷியா எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தேவாலய வாசனை உண்டு. மண்ணுலகில் பாவத்தோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கும் விசுவாசிகளின் கூட்டத்தைக் கிறிஸ்தவ இறையியல் 'சர்ச் மிலிட்டன்ட்' என்றது. தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்துக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. டெலிபிரின்டரில், பிறகு கணினித் திரையில், பி.டி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. காப்பிகளில் வந்தது. வந்த நாளிலிருந்து அதற்கு என்ன எழுதுவது என்பது டெஸ்கில் தீராத வழக்கு.

பெருமைக்குரிய பட்டமாக அந்தச் சொல் இருந்த காலம் ஒன்று உண்டு. பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட எம்மலைன் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய சங்கம் தன்னை மிலிட்டன்ட் என்று தானே சொல்லிக்கொண்டது. மனுக் கொடுத்தும் கூட்டம் போட்டும் சட்ட வழியில் நின்றவர்கள் மில்லிசென்ட் ஃபாசெட் அணியினர். ஜன்னல் கண்ணாடி உடைத்து, தபால்பெட்டிக்குத் தீ வைத்து, சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் பாங்க்ஹர்ஸ்ட் அணியினர். உண்ணாவிரதத்தில் உடல் நலிந்தவர்களை வெளியே விட்டு, தேறியதும் திரும்பப் பிடிக்க அரசு 1913இல் தனிச் சட்டமே போட்டது. பூனை-எலிச் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தப் பெண்களைப் பற்றிய கட்டுரையில் மிலிட்டன்ட் என்பதைத் 'தீவிரவாதி' என்று பெயர்த்தால் அபத்தம். 'போர்க்குணம் கொண்டவர்கள்' என்றால் சரியாக உட்காரும்.

தொழிற்சங்க உலகிலும் இதே கதைதான். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஆங்கில ஏடுகள் அதை மிலிட்டன்ட் தொழிற்சங்கவாதம் என்றுதான் எழுதின. தமிழ் இடதுசாரி ஏடுகளில் இதற்குச் சொல் தயாராக இருந்தது: 'போர்க்குணமிக்க போராட்டம்'. துண்டறிக்கை படித்து வளர்ந்த உதவி ஆசிரியருக்கு அது நாக்கு நுனியில் இருக்கும். படிக்காதவர் அகராதியைப் புரட்டி, ஆலை வாசலில் கொடி பிடித்தவரைப் பயங்கரவாதி ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பிரெஞ்சுச் செய்திகளில் பள்ளம் இன்னும் ஆழம். அங்கே 'மிலித்தான்' என்றால் கட்சி உறுப்பினர், களப்பணி செய்யும் தொண்டர், அவ்வளவே. ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான். சோஷலிஸ்ட் கட்சியின் மிலிட்டன்ட்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாரிஸிலிருந்து வரும் ஆங்கிலக் காப்பியில், அசல் மொழியின் சாயலோடு அந்தச் சொல் அப்படியே தங்கிவிடுவது உண்டு. வாக்குச்சீட்டும் மிலிட்டன்ட்டும் ஒரே வாக்கியத்தில் தென்பட்டால் நின்று யோசிக்க வேண்டும் என்பது டெஸ்கில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் சொல்லித் தர வேண்டிய பாடங்களில் ஒன்று.

துப்பாக்கி ஏந்தியவர் என்ற பொருள் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியதற்குச் செய்தி நிறுவனங்களின் தேவை ஒரு முக்கியக் காரணம். 'டெரரிஸ்ட்' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'ஃப்ரீடம் ஃபைட்டர்' என்று எழுதினால் அதுவும் தீர்ப்பு. ஒரே செய்தியை டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும், டெல் அவீவுக்கும் கெய்ரோவுக்கும் விற்கும் நிறுவனத்துக்கு இரண்டும் ஆகாது. நடுவில் நிற்க ஒரு சொல் வேண்டியிருந்தது. மிலிட்டன்ட் அந்த இடத்தைப் பிடித்தது. ஒருவர் சொன்னதாக மேற்கோள் காட்டாமல் டெரரிஸ்ட் என்று தானாக எழுதுவதில்லை என்ற கொள்கையை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகும், கடும் கண்டனத்துக்கு நடுவிலும், ராய்ட்டர்ஸ் விடவில்லை. 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலின்போது பி.பி.சி. மீது எழுந்த கூச்சலும் இதே கொள்கை பற்றியதுதான். ஐ.நா.விலும் நிலைமை இதைவிட மேல் இல்லை. சர்வதேசப் பயங்கரவாதம் பற்றிய விரிவான உடன்படிக்கை ஒன்றுக்கு இந்தியா 1996இல் வரைவு கொடுத்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. யாரைப் பயங்கரவாதி என்பது என்ற வரையறைதான் முக்கிய முட்டுக்கட்டை.

ஆங்கில ஏஜென்சிக்கு நடுவில் நிற்க ஒரு சொல் கிடைத்தது. தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. பயங்கரவாதி கண்டனம். போராளி பாராட்டு. கிளர்ச்சியாளர் ஓரளவு நடுநிலை, ஆனால் அரசை எதிர்த்துப் பெரும் அளவில் எழுந்தவர்களுக்கே அது பொருந்தும். இரண்டு பேர் கொண்ட கும்பலுக்குப் பொருந்தாது. மிஞ்சுவது தீவிரவாதி. மிலிட்டன்ட், எக்ஸ்ட்ரீமிஸ்ட், டெரரிஸ்ட் என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கும் மூன்றையும் தமிழ் நாளிதழ்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஒரு சொல்லின் தலையில்தான் கட்டி வருகின்றன.

தீவிரவாதியின் பழைய வாழ்க்கை வேறு. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. கோகலே, ஃபெரோஸ்ஷா மேத்தா பக்கம் மிதவாதிகள். திலகர், லஜபதி ராய், விபின் சந்திர பால் பக்கம் தீவிரவாதிகள். தமிழ்நாட்டிலிருந்து சூரத்துக்குப் போன வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக இவர்களைத் தீவிரவாதிகள் என்றே சொல்லித் தந்தது. மாணவர்களும் 'மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் உள்ள வேறுபாடுகள்' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதினார்கள். அதே வீட்டுத் திண்ணையில் கிடந்த நாளிதழில் தீவிரவாதி பேருந்தில் குண்டு வைத்துக்கொண்டிருந்தான். இந்தச் சங்கடம் கருதியோ என்னவோ, இப்போது 'தீவிர தேசியவாதம்', 'தீவிர தேசியவாதிகள்' என்ற வழக்கு பாடநூல்களில் வந்துவிட்டது. திலகருக்கே இந்த முத்திரைகளில் நம்பிக்கை இருக்கவில்லை. 1907 ஜனவரியில் கல்கத்தாவில் பேசியபோது, இவை காலத்தைப் பொறுத்த பெயர்கள், நேற்றுத் தீவிரவாதியாக இருந்தவர் இன்று மிதவாதி ஆகிவிட்டார், இன்றையவரும் நாளை அப்படியே ஆவார் என்ற பொருளில் சொன்னார்.

2019 மே மாதம் அரவக்குறிச்சி இடைத்தேர்தல் பிரசாரத்தில் கமல்ஹாசன் கோட்சேயைக் குறித்துத் தீவிரவாதி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆங்கில ஊடகங்களில் சில டெரரிஸ்ட் என்றும் சில எக்ஸ்ட்ரீமிஸ்ட் என்றும் மொழிபெயர்த்தன. வழக்குகள் பதிவாயின. பயங்கரவாதி என்றோ கொலைகாரன் என்றோ சொல்லியிருக்கலாம், தான் தேர்ந்தெடுத்தது தீவிரவாதி என்ற சொல்லைத்தான் என்று அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். அகராதிப்படி அந்த விளக்கம் சரி. நாளிதழ் வழக்குப்படி அது எடுபடாது. இரண்டு சொல்லையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதிப் பழகியவர்கள் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள்தாம். தலைப்பில் தீவிரவாதி, முதல் பத்தியில் பயங்கரவாதி, மூன்றாவது பத்தியில் மறுபடி தீவிரவாதி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்ததன் விளைவு.

தலைப்புக்கு வேறொரு கணக்கு உண்டு. தீவிரவாதி ஐந்து எழுத்து. பயங்கரவாதி ஏழு. கிளர்ச்சியாளர் எட்டு. ஆயுதக் குழுவினர் ஒன்பது, நடுவில் இடைவெளி வேறு. போராளி மூன்றே எழுத்து, ஆனால் அதைப் போட்டால் மறுநாள் ஆசிரியர் அறைக்குப் பதில் சொல்ல வேண்டும். சிங்கிள் காலம் செய்திக்கு ஒரு வரியில் எட்டு ஒன்பது எழுத்துதான் தாங்கும் என்ற நிலையில், இரவு எடிஷன் முடிக்கும் நேரத்தில், கொள்கையைவிட அகலமே சொல்லைத் தீர்மானிக்கிறது. கணினி வந்த பிறகு எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வழக்கமான காப்பியில் பார்க்கலாம். எல்லையோர மாவட்டத்தில் நடந்த மோதலில் 'சஸ்பெக்டட் மிலிட்டன்ட்ஸ்' மூன்று பேர் கொல்லப்பட்டதாகப் போலீஸார் தெரிவித்தனர். ஒரு துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. இறந்தவர்களின் பெயர்கள் உடனே தெரியவில்லை. நான்கு வரி. இது '3 தீவிரவாதிகள் சுட்டுக்கொலை' என்று அச்சாகும்போது முதலில் விழுவது 'சஸ்பெக்டட்'. அடுத்து விழுவது 'போலீஸார் தெரிவித்தனர்'. மூன்று பேருக்கு ஒரே துப்பாக்கி என்ற தகவல் கடைசி வரியில் இருப்பதால் இடம் போதாதபோது அதுவும் வெட்டுப்படும். ஏஜென்சிக்காரர் மூன்று இடத்தில் வைத்த ஜாக்கிரதை மூன்று வெட்டில் காலி. 'மோதலில் 3 பேர் பலி; தீவிரவாதிகள் என்கிறது போலீஸ்' என்று இரண்டு வரித் தலைப்பாகப் போட்டால் எதுவும் கெட்டுப்போகாது. இடம் கேட்டு லே-அவுட்காரரிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெயர்ச்சொல்லைவிடப் பெரிய வேலையைத் தமிழில் வினைமுற்று செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'வாஸ் கில்ட்' என்பது ஜனாதிபதிக்கும் ஒன்றுதான், கொள்ளைக்காரனுக்கும் ஒன்றுதான். தமிழில் 'கொல்லப்பட்டார்' என்பதா 'கொல்லப்பட்டான்' என்பதா என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. எவ்வளவு கவனமாக 'ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர் எனக் கூறப்படுபவர்' என்று தொடங்கினாலும், 'கொல்லப்பட்டான்' என்று முடித்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. பழைய நாளிதழ்களில் கைதானவர் எல்லாருக்கும் 'ஆன்' விகுதிதான். விடுதலையானதும் அதே ஆள் 'ஆர்' ஆவார். இன்று பெரும்பாலான மேசைகளில் 'ஆர்' பொதுவாகிவிட்டது. ஆனால் கோரமான குண்டுவெடிப்பு நடந்த மறுநாள் அந்த வழக்கம் தளரும். வாசகரின் கோபமும் எழுதுபவரின் கோபமும் விகுதியில் இறங்கும். பன்மையில் இந்தத் தொல்லை இல்லை. 'மூவர் கொல்லப்பட்டனர்' எல்லாருக்கும் பொருந்தும். அனுபவசாலிகள் ஒருமையைத் தவிர்க்கப் 'பலி' என்ற சொல்லிடம் தஞ்சம் புகுவதற்கும் இதுவே காரணம்: அதற்கு விகுதி கிடையாது. அந்தப் 'பலி'யும் படைவீரருக்குப் பொருந்தாது என்று வைத்திருக்கிறார்கள். அவர் செய்வது 'வீரமரணம்'. ஈழத்தில் இயக்கங்கள் தம் ஆட்களுக்கு வைத்துக்கொண்டது 'வீரச்சாவு'. மரணத்துக்கும் சாவுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு.

ஈழம்தான் தமிழில் இந்தச் சொற்களையெல்லாம் உரசிப் பார்த்த கல். ஒரே ஆட்களுக்கு ஒரே நாளில் ஐந்தாறு பெயர் புழங்கியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அவர்கள் 'பெடியள்'. ஒருவன் சேர்ந்துவிட்டால் 'இயக்கத்துக்குப் போயிட்டான்'. எந்த இயக்கம் என்பது அடுத்த கேள்வி. புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் என்று ஐந்து பெரிய அமைப்புகள் இருந்தன. இலங்கை அரசுக்கு அவர்கள் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படியான பயங்கரவாதிகள். தமிழ்நாட்டு ஏடுகளில் எண்பதுகளின் நடுப்பகுதியில் போராளிகள். ஆங்கிலத்தில் மிலிட்டன்ட்ஸ்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஆங்கில மூலத்தில் படித்தால் இந்தக் குழப்பம் அரச மட்டத்திலும் இருந்தது தெரியும். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் 'மிலிட்டன்ட் குழுக்கள்'. பொது மன்னிப்பு வழங்கும் இடத்தில் 'கம்பேட்டன்ட்ஸ்', அதாவது போரிட்டவர்கள். மறுவாழ்வு பற்றிப் பேசும் இடத்தில் 'மிலிட்டன்ட் இளைஞர்கள்'. இதே மன்னிப்புப் பிரிவில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயர் வருவதால் மட்டுமே டெரரிஸம் என்ற சொல் எட்டிப்பார்க்கிறது. ஒப்பந்தம் எழுதியவர்கள் தூங்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லும்போது ஒரு பெயரும், மன்னிக்கும்போது இன்னொரு பெயரும் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த சில மாதங்களில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் இந்தியாவில் புலிகளுக்குத் தடை வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு டெஸ்கில் போராளி என்ற சொல்லைக் கையில் எடுக்கவே பலர் தயங்கினார்கள். 'விடுதலைப் புலிகள்' என்று அமைப்பின் பெயரை மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்வது அப்போது பழகிய உத்தி. அது நல்ல உத்தியும்கூட. பெயர் தெரிந்த அமைப்புக்கு அடைமொழி எதற்கு?

சட்டத்தின் சொல்லும் பத்திரிகையின் சொல்லும் ஒன்றல்ல என்பதற்கு அதே வழக்கில் ஒரு சான்று உண்டு. ராஜீவ் கொலை வழக்கில் தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேரின் தூக்கை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. கூடவே, அந்தக் கொலை தடா சட்டம் சொல்லும் பொருளில் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. கொலை நடந்தது, சதி நடந்தது, தண்டனையும் உண்டு. தடாவின் வரையறைக்குள் மட்டும் அது வரவில்லை. எட்டு ஆண்டுகளாகப் பயங்கரவாதிகள் என்று எழுதி வந்த மேசைகளில் அன்றிரவு இந்தப் பகுதி பெரும்பாலும் உள்பக்கத்துக்குப் போயிற்று. தலைப்பைத் தூக்கு எடுத்துக்கொண்டது.

தடா, பொடா இரண்டும் தமிழில் பேச்சு வழக்கே ஆகிவிட்டன. வீட்டில் சினிமாவுக்குப் போகக் கூடாது என்றாலும் 'தடா போட்டுட்டாங்க' என்பார்கள். 2002இல் திருமங்கலம் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடாவில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தபோது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதான அரசியல்வாதியை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கே இடமில்லாமல் எல்லா ஏடுகளும் 'வைகோ' என்றே எழுதின. பெயர் பெற்றவருக்கு முத்திரை ஒட்டாது. பெயர் தெரியாதவருக்குத்தான் ஒட்டும்.

இந்தியாவின் மற்ற பகுதிகளில் சொல் நிலப்பரப்பைப் பொறுத்து மாறுகிறது. மத்திய உள்துறையின் ஆண்டறிக்கைகளில் வடகிழக்குக்கு 'இன்ஸர்ஜென்ஸி', நக்சல் பகுதிகளுக்கு 'இடதுசாரித் தீவிரவாதம்', காஷ்மீருக்கு மிலிட்டன்ஸியும் டெரரிஸமும். நாகாலாந்து, மணிப்பூர் மக்கள் 'அண்டர்கிரவுண்ட்' என்பதைச் சுருக்கி 'யூ.ஜி.' என்பார்கள். நக்சலைட் என்ற பெயரோ 1967இல் மேற்கு வங்கத்து ஊர் ஒன்றில் நடந்த விவசாயிகள் எழுச்சியிலிருந்து வந்தது. அது யாரையும் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை.

பஞ்சாபில் சொல் உயிரைக் கேட்டது. அங்கே ஆயுதக் குழுக்கள் தங்களை 'காட்கூ' என்று அழைத்துக்கொண்டன. வீரமாகப் போரிடுபவர் என்ற தொனி கொண்ட சொல். தங்களைப் பயங்கரவாதி என்று எழுதக் கூடாது, பேசக் கூடாது என்று 1990 வாக்கில் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் கட்டளைகள் விதித்தன. சண்டிகர் வானொலி நிலைய இயக்குநர் அந்த ஆண்டு டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கில ஏடுகளில் டெரரிஸ்ட் மறைந்து மிலிட்டன்ட் பெருகிய காலம் அது. நடுநிலைச் சொல் என்று ஏஜென்சிக் கையேடு சொல்லும் அதே சொல், அங்கே அச்சத்தின் சொல்லாக இருந்தது.

பகத் சிங் விஷயத்தில் தகராறு வந்தது 2016இல். பிபன் சந்திரா குழுவினர் 1988இல் எழுதிய சுதந்திரப் போராட்ட வரலாற்று நூலில் 'புரட்சிகரப் பயங்கரவாதம்' என்ற தொடர் இருந்தது. நாடாளுமன்றத்திலும் அது எழுப்பப்பட்டு, நூலின் இந்திப் பதிப்பின் விற்பனையை டெல்லி பல்கலைக்கழகம் நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு போராட்ட முறை என்ற பொருள் இருந்தது, இழிவாக எழுதப்படவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் விளக்கினார்கள். கேட்க ஆளில்லை.

மிலிட்டன்ட் என்ற சொல் எண்ணிக்கை ஆகும்போது நடக்கும் விபத்து வேறு ரகம். பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அமெரிக்க ட்ரோன்கள் தாக்கிய ஆண்டுகளில், 'ஏழு மிலிட்டன்ட்கள் பலி' போன்ற செய்தி வாடிக்கையாக வந்தது. போரிடும் வயதில் தாக்குதல் பகுதியில் இருந்த ஆண்கள் அனைவரையும், மாறான ஆதாரம் இல்லாத வரை, போரிட்டவர்களாகவே அமெரிக்க நிர்வாகம் எண்ணுகிறது என்று 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதுவரை தமிழில் '7 தீவிரவாதிகள் பலி' என்று எழுதப்பட்ட அத்தனை சிறு செய்திகளும் அந்தக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை. எண்ணைச் சொன்னது யார் என்று எழுதுவது சொல்லைத் தேர்வு செய்வதைவிட முக்கியம் என்பதை அந்தச் செய்தி காட்டிக்கொடுத்தது.

மேசையில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, ஆளுக்குப் பெயர் தேடுவதை விட்டுச் செயலைச் சொல்வது. குண்டு வைத்தவர், ஆட்களைக் கடத்தியவர், சாவடியைத் தாக்கியவர். அமைப்பு தெரிந்தால் அமைப்பின் பெயர். பயங்கரவாதி என்று அதிகாரியோ அமைச்சரோ சொன்னால் அவர் வாயிலேயே அது இருக்கட்டும். கோரிக்கைக்காக மறியல் செய்பவரை அந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அண்மைக் காலத்தில் போராளி என்ற சொல் சமூகப் போராளி, சுற்றுச்சூழல் போராளி, பெண்ணியப் போராளி என்று பல வீடுகளுக்குக் குடிபோய்விட்டது. துப்பாக்கி வாசனை பெருமளவு போய்விட்டதால், ஆயுதம் ஏந்தியவருக்கு அதை எழுதும்போது 'ஆயுதமேந்திய போராளி' என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஆயுதத்தைக் கீழே வைத்தவரை எப்போதுவரை அந்தப் பெயரால் எழுதுவது? மிசோ தேசிய முன்னணியின் லால்டெங்கா 1966இல் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். 1986 ஜூன் ஒப்பந்தத்துக்குப் பிறகு சில வாரங்களிலேயே மிசோரம் முதல்வரானார். அவரை யாரும் 'முன்னாள் தீவிரவாதி' என்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேபாளத்தின் பிரசண்டாவும் 2008இல் பிரதமரானதும் அப்படியே பெயர் மாறினார். இலங்கையில் 2009க்குப் பிறகு தடுப்பில் வைக்கப்பட்டுப் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்த பல்லாயிரம் பேருக்கு அந்த வசதி இல்லை. அரசின் சொல்லும் பத்திரிகையின் சொல்லும் அவர்களுக்கு ஒன்றாகவே இருக்கிறது: 'முன்னாள் போராளி'. தேர்தலில் நிற்பவர், புனர்வாழ்வு உதவி கேட்பவர், மறுபடி விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் பற்றிய செய்தியில் அந்த அடைமொழிக்கு வேலை உண்டு. கிளிநொச்சி வீதியில் மோட்டார் சைக்கிளும் லாரியும் மோதிய செய்தியில், மீன்பிடிப் படகு கவிழ்ந்த செய்தியில் அதற்கு வேலை இல்லை. அங்கே இறந்தவரின் வயது, ஊர், தொழில் போதும். அடைமொழியை உதவி ஆசிரியர் அடித்துவிடலாம்.